குழாயில் தண்ணீர் வராத அந்த வாரம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை நெல்லைச் சீமைக்காரர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆறு மூழ்கடிப்பது எங்களுக்குப் பழகிய காட்சிதான். அந்த முறை தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன் பகுதிக்குள்ளேயே புகுந்தது. வெள்ளம் வடிந்த பிறகுதான் எங்கள் தெருவுக்கு அடுத்த கஷ்டம் ஆரம்பித்தது. ஆற்றிலிருக்கும் உறைகிணறுகளும் குழாய்களும் சேதமாகி, குடிதண்ணீர் நின்றுபோனது. நான்கு பக்கமும் தண்ணீர், வீட்டில் குடிக்க ஒரு செம்பு இல்லை.

தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, தன் வீட்டு போர் மோட்டாரை ஜெனரேட்டரில் மாட்டி ஓட்டினார். காலையில் வாசலுக்கு ஹோஸை இழுத்துப் போட்டு, வரிசையில் வந்த ஒவ்வொரு குடத்துக்கும் தானே நின்று பிடித்துக் கொடுத்தார். எங்கள் ஆச்சி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "எய்யா, நீ நல்லாருப்பே" என்றாள். ஆச்சி வாயிலிருந்து 'நன்றி' என்ற சொல்லை நான் கேட்டதே கிடையாது. எங்கள் பக்கம் அது மேடைக்கு உரிய சொல். வீட்டில் நன்றி என்பது ஒரு வாழ்த்தாக வரும். இல்லையென்றால், பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த தூக்குச்சட்டியை வெறுமனே திருப்பாமல் ஒரு பிடி முருங்கைக்கீரையாவது வைத்து அனுப்புவதாக வரும்.

மறுபடி குழாயில் தண்ணீர் வந்த அன்று வீடே முற்றத்தில் கூடி நின்று பார்த்தது. ஒரு வாரம் போனது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இது நம் மனசின் குறை இல்லை. மூளை வேலை செய்யும் விதமே அப்படித்தான். வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால், குரங்கின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புசெல்கள் படபடவென்று துடிக்கும். விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று அது கற்றுக்கொண்ட பிறகு, விளக்கு எரியும்போது துடிப்பு இருக்கும். சாறு வரும்போது சலனமே இருக்காது. விளக்கு எரிந்தும் சாறு வரவில்லை என்றால், வரவேண்டிய அந்த நேரத்தில் வழக்கமான துடிப்பும் குறைந்துபோகும். அதாவது அந்த செல்கள் அளப்பது கிடைத்ததை அல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. தினமும் வரும் தண்ணீரில் வித்தியாசம் ஏது? நின்றுபோன அன்றுதான் மூளை அதைக் கணக்கில் எடுக்கிறது. நாம் எதற்கும் பழகிப்போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

நன்றியை ஒரு பயிற்சியாகச் செய்யும்போது நடப்பது என்ன என்று கேட்டால் நான் இப்படிச் சொல்வேன்: பழகி மங்கிப்போன ஒன்றுக்கு அந்த வித்தியாசத்தை நாமாகவே திருப்பிக் கொடுக்கிறோம். 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பல வருடங்களாகத் துணையோடு வாழ்கிறவர்களில் ஒரு சாராரிடம், இருவரும் எப்படிச் சந்தித்தீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். இன்னொரு சாராரிடம், சந்திக்காமலே போயிருக்க என்னென்ன வாய்ப்பு இருந்தது என்று எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்ததும் தங்கள் உறவில் கூடுதல் திருப்தி சொன்னவர்கள் இரண்டாம் சாரார். இருப்பதை எண்ணிப் பார்ப்பதைவிட, அது இல்லாத நாளை நினைத்துப் பார்ப்பது கண்ணைத் திறக்கிறது. வெள்ளம் எங்களுக்கு வலுக்கட்டாயமாகச் செய்ததை அவர்கள் ஒரு தாளில் செய்தார்கள்.

நன்றியைப் பற்றிய ஆய்வுகளுக்குப் பெரிய தொடக்கம் 2003-இல் உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லாவும் வெளியிட்ட சோதனைகள். கல்லூரி மாணவர்கள் பத்து வாரம், வாரத்துக்கு ஒருமுறை எழுதினார்கள். சிலர் நன்றியோடு நினைக்கும் விஷயங்களை, சிலர் எரிச்சல் தந்தவற்றை, சிலர் சும்மா நடந்தவற்றை. நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னார்கள். தலைவலி, வயிற்றுவலி போன்ற உபாதைகளும் குறைவாகத்தான் இருந்தன. எரிச்சலை எழுதியவர்களைவிட வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் அதிகமாக உடற்பயிற்சி செய்திருந்தார்கள். நரம்புத்தசை நோயோடு வாழ்கிறவர்களிடம் 21 நாள் செய்தபோது தூக்கமும் மேம்பட்டது.

தூக்கத்துக்கும் நன்றிக்கும் என்ன சம்பந்தம்? தலையணையில் தலை வைத்ததும் மனசு அன்றைக்குப் பட்ட ஒரு சுடுசொல்லைத்தான் திரும்பத் திரும்ப அசைபோடும். நல்லதைவிடக் கெட்டது அழுத்தமாகப் பதிவது நம் எல்லோருக்கும் பொது. 2009-இல் 401 பேரிடம் நடந்த ஆய்வில், நன்றியுணர்வு மிகுந்தவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். படுக்கும் நேரத்தில் அவர்களுக்குக் கவலை நினைப்பு குறைவு, இதமான நினைப்பு அதிகம்.

தினமும் கட்டாயம் எழுத வேண்டும் என்றும் இல்லை. வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்து, மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியாமல் போன சோதனையும் உண்டு. எழுதுவதே பழகிப்போனால் அதற்குள்ளும் வித்தியாசம் செத்துவிடும் போல. 'குடும்பம், உடல்நலம், வேலை' என்று வாய்ப்பாடு மாதிரி எழுதுவதைவிட, 'மதினி இன்று தன் மகனைப் பள்ளிக்கு விடப்போனபோது என் மகளையும் ஏற்றிக்கொண்டு போனாள்' என்று எழுதுவதுதான் சரி.

ஒன்றை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழில் 'நன்றிக்கடன்' என்று ஒரே சொல்லாகச் சொல்கிறோம். மனசுக்குள் அவை இரண்டு. கொடுத்தவர் திரும்ப எதிர்பார்க்கிறார் என்று தெரியத் தெரிய, கடன்பட்ட உணர்வு ஏறுகிறது, நன்றியுணர்வு இறங்குகிறது என்று 2006-இல் வந்த ஆய்வு காட்டியது. அதனால்தான் "நான் உனக்கு எவ்வளவு செஞ்சேன்" என்ற பேச்சு கேட்டதும் நெஞ்சு இறுகுகிறது. நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றும் பெண்ணிடம், கிடைக்கிற கூலிக்கு நன்றியோடு இரு என்று சொல்வதை இந்த அறிவியலின் பேரில் யாரும் நியாயப்படுத்த முடியாது. எனக்கு அதில் கோபமே உண்டு.

மருந்துக்குப் பதிலாகவும் இதைக் கொள்ளக் கூடாது. 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டுக் கட்டுரை, மனச்சோர்வு, பதற்றம் இரண்டிலும் நன்றிப் பயிற்சியின் பலன் சிறிதளவே என்று சொல்கிறது. சோர்வில் கிடப்பவரிடம் "உனக்கென்ன குறை?" என்று கேட்பது அவரைக் குற்றவாளியாக்கிவிடும். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கிறது.

மனசில் நினைப்பதோடு நிற்காமல் நேரில் சொல்வதற்குத் தனி பலம் உண்டு. சொல்லத்தான் கூச்சம். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், படிப்பவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று கூடுதலாகவும், சந்தோஷமாக இருக்கும் என்று குறைவாகவும் கணக்குப் போட்டிருந்ததை 2018-இல் ஓர் ஆய்வு கண்டது. அதைப் படித்த பிறகுதான் போன மாதம் அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் கடலைப்பருப்புப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, வெள்ளத்தப்போ நீங்க பிடிச்சுக் கொடுத்த தண்ணிலதான் ஆச்சி மாத்திரை போட்டா. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அவர் கை நின்றது. சணலைச் சுற்றாமல் கொஞ்ச நேரம் பொட்டலத்தையே பார்த்தார்.

"தண்ணிதான்யா நம்ம வீட்டுது. டீசல் நம்மது இல்ல. கீழத்தெரு டிராக்டர்காரப் பையன் வண்டில கெடந்தத உருவிக் கொண்டாந்து ஊத்தினான். காசு நீட்டினேன், தொடவே இல்ல. வேப்பமரத்துக்கு அடுத்த வீடு. இப்பம் இருப்பான், போய்ச் சொல்லு."