லாக் என்றால் பூட்டா?

கனடாவிலிருந்து லீவில் வந்த நண்பன் ஒருவன் போன கிழமை திருகோணமலை உட்துறைமுக வீதியில், கடலைப் பார்த்தபடி, கைபேசியில் ஒரு வீடியோ காட்டினான். நாலு கூட்டாளிமார், வாடகைக்கு எடுத்த வீட்டுப்படகு, ரீடோ வாய்க்கால். படகு இரண்டு ஈரக் கல்மதில்களுக்கு நடுவே போய் நிற்கிறது. பின்னால் கறுத்த மரக்கதவு மூடுகிறது. நண்பன் மதிலில் தொங்கும் கேபிளில் கயிற்றை ஒரு சுற்றுப் போட்டுப் பிடித்திருக்கிறான். தண்ணீர் சுழித்துக்கொண்டு வருகிறது, மதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்கிறது, கடைசியில் புல்வெளி கண்ணுக்கு நேரே வந்துவிடுகிறது.

“மச்சான், இதை அங்க லாக் எண்டு சொல்லுறாங்கள். தமிழில என்னடா?”

யோசிக்காமல் “பூட்டு” என்றேன். “அப்ப திறப்பு எங்க?” என்று சிரித்தான். நம் ஊரில் சாவிக்குத் திறப்பு என்றுதானே பெயர். அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இது.

ஆங்கில லாக் என்ற சொல்லுக்குப் பழைய பொருள் தாழ்ப்பாள், அதோடு அடைப்பு. ஆற்றை மறித்துப் போட்ட தடுப்புக்கு அந்தப் பெயர் முதலில் வந்தது. இரண்டு கதவும் நடுவில் தொட்டியும் உள்ள அமைப்புக்குப் பிறகுதான் ஒட்டியது. ஆகவே வாய்க்கால் லாக்கில் இருப்பது அடைத்துவைத்த தண்ணீர். சாவி போட்டுத் திருகும் பூட்டு அல்ல. பிரெஞ்சுக்காரரின் எக்ளூஸ், ஒல்லாந்தரின் ஸ்லூயிஸ் இரண்டும் வேறு வேர், ‘வெளியே நிறுத்தி அடை’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. ஸ்கொட்லாந்தில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே ஏரிக்கு லாக் என்றுதான் பெயர், ஆனால் அது கேலிக் மொழிச் சொல், பூட்டோடு உறவில்லை. 1822இல் திறந்த கலிடோனியன் வாய்க்காலில் படகு விடுகிறவர்கள் 29 லாக் ஏறி இறங்கி, லாக் நெஸ் உட்படச் சில ‘லாக்’குகளைக் கடக்கிறார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே தெரியும், பாவம் வாசகர்.

வேலை செய்யும் விதம் தெரியாமல் சொல் தேட முடியாது. படகு கீழிருந்து தொட்டிக்குள் வருகிறது. கீழ்க்கதவை மூடுகிறார்கள். மேல் மட்டத்துத் தண்ணீரைச் சிறு வாசல் வழியே உள்ளே விடுகிறார்கள். பம்பு கிடையாது, தண்ணீர் தன் பாரத்தாலேயே இறங்கித் தொட்டியை நிரப்ப, படகு நின்ற இடத்திலேயே உயர்கிறது. உள்ளும் வெளியும் ஒரே மட்டத்துக்கு வந்த பிறகுதான் மேல்கதவு அசையும். அதுவரை எத்தனை பேர் தள்ளினாலும் தண்ணீரின் அழுத்தம் விடாது. இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்வார்கள். கயிற்றை முடிந்து கட்டக்கூடாது என்பதும் இதனால்தான்: தண்ணீர் இறங்க இறங்கக் கயிறு வழுகவேண்டும், முடிச்சுப் போட்டால் படகு மதிலில் தொங்கும். நண்பன் முதல் லாக்கிலேயே முடிச்சுப் போட்டு, பணியாளரிடம் ஏச்சு வாங்கினானாம்.

சீனாவில் 984ஆம் ஆண்டிலேயே இரட்டைக் கதவு வைத்து இப்படிப் படகு ஏற்றினார்கள். பனாமாவில் கப்பலையே 26 மீற்றர் உயர்த்திக் காட்டுன் ஏரிக்குக் கொண்டுபோகிறார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஏரித் தண்ணீர் கடலுக்குப் போவதால், 2023இல் மழை குறைந்தபோது கப்பல்களின் எண்ணிக்கையையே குறைக்க வேண்டி வந்தது. மேலே தண்ணீர் இருப்பு இல்லாவிட்டால் லாக் வெறும் கல்லுக்கிடங்குதான். 1832இல் திறந்த ரீடோவும் ஒட்டாவாவிலிருந்து கிங்ஸ்டன் வரை 202 கிலோமீற்றரும் ஏரிகளையும் ஆறுகளையும் கோத்துக்கொண்டுதான் போகிறது. பெரும்பாலான கதவுகளை இன்றும் கையால் சுழற்றித் திறக்கிறார்கள்.

திருமலைக்கு இது ஏன் வரவில்லை? ஆழமான துறைமுகம், ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு. தோணியை உயர்த்தவேண்டிய தேவையே இல்லை. அதனால் சொல்லும் இல்லை. ஆனால் தண்ணீரை அடைக்கவும் திறக்கவும் நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமா? மதகு, மடை, துருசு, கலிங்கு, வான்கதவு. மாரியில் கந்தளாய்க் குளம் நிறைந்தால் வான்கதவு திறந்த செய்தி வரும். துருசு வயலுக்குத் தண்ணீர் விடுகிற வாசல். மதகின் ஓசை சிலப்பதிகாரத்தின் காவிரிப் பாட்டிலேயே கேட்கிறது. ஆனால் இன்று நம் பக்கத்தில் மதகு என்றால் வீதிக்குக் கீழே தண்ணீர் ஓடும் சிறு பாலம், பின்னேரம் பெடியள் குந்தியிருந்து கதைக்கும் இடம். மதகில் படகு ஏறியது என்று எழுதினால் விபத்துச் செய்தி என்று நினைப்பார்கள். கதவணை நல்ல சொல், ஆனால் தமிழ்நாட்டில் அதை ஆற்றை மறிக்கும் பெரிய அணைக்கு வைத்துவிட்டார்கள், மாயனூர்க் கதவணை மாதிரி. இவையெல்லாம் தண்ணீரை அனுப்புகிற சொற்கள். லாக்கில் தண்ணீர் வந்து நின்று, படகைத் தூக்குகிறது. அந்தத் தூக்கல் எதிலும் இல்லை.

‘நீர்ப்பூட்டு’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் இங்கே பூட்டு என்ற சொல் ஏற்கெனவே நிறைய வேலை செய்கிறது: கடையைப் பூட்டுகிறோம், பைப்பைப் பூட்டுகிறோம், தோணிக்கு எஞ்சினும் பூட்டுகிறோம். நீர்ப்பூட்டு என்றால் பைப்பை மூடியதாகத்தான் முதலில் கேட்கும். ஒரு விஷயம் அதற்குச் சாதகம்: இங்கிலாந்து வாய்க்கால்களில் படகோட்டிகள் தாங்களே தண்ணீர் விடும் சிறு வாசலைத் திறக்கக் கையில் கொண்டுபோகும் கைபிடிக்கு ‘சாவி’ என்றும் பெயர் உண்டு. நண்பன் கேட்ட திறப்பு அதுதான்.

நான் ‘நீர்ப்படி’ என்பேன். ஒட்டாவாவில் எட்டு லாக்குகள் ஒன்றன் மேல் ஒன்றாக 24 மீற்றர் ஏறுகின்றன. கலிடோனியனில் உள்ள எட்டுக்கு ஆங்கிலத்திலேயே ‘நெப்டியூனின் படிக்கட்டு’ என்று பெயர். உள்ளே இருப்பது தொட்டி, இரு பக்கமும் கதவு, தண்ணீர் விடும் சிறு வாசலுக்கு நம் துருசு என்ற சொல்லே அப்படியே பொருந்தும். ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க அதைப் போனில் சொல்லிப் பார்ப்பேன்: “நாலாம் நீர்ப்படியில நிக்கிறம், கீழ்க்கதவு பூட்டியாச்சு, இப்ப துருசு திறக்கப் போறாங்கள்.” நின்றுவிட்டது என்றே நினைக்கிறேன்.

பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த அண்ணை ஒருவர் வீடியோவை இரண்டு தரம் பார்த்தார். “படியெண்டா கால் நோகுமே தம்பி. இதில குந்தியிருந்தே ஏறுறாங்கள்.” அதுவும் சரிதான். அப்புறம் கேட்டார்: “உதுக்குள்ள மீன் வந்து மாட்டாதோ?”

நண்பனுக்குத் தெரியவில்லை.