பாரிஸில் வெக்கை உச்சத்துக்கு வருவது மாலை ஐந்து மணிக்கு

ஜூலையில் பாரிஸை ஒரே நாளில் சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் பலரிடமும் ஒரே திட்டம்தான் இருக்கும். பன்னிரண்டு மணி வெயிலுக்கு எங்கேயாவது ஒதுங்கிச் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு மேல் வெயில் தாழ்ந்ததும் நடக்கலாம் என்பது. இந்த ஊரில் அப்படிச் செய்தால் நாளின் மிகச் சூடான நேரத்தில்தான் தெருவில் நிற்க வேண்டிவரும்.

காரணம் கடிகாரம். பாரிஸ் இருக்கும் இடத்தைப் பார்த்தால் அது லண்டன் நேரத்தைப் பின்பற்ற வேண்டிய ஊர். ஆனால் பிரான்ஸ் முழுக்க மத்திய ஐரோப்பிய நேரம்தான். கோடையில் அதையும் இன்னொரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறார்கள். அதனால் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் கிட்டத்தட்ட 2 மணி காட்டும். அதற்குப் பிறகும் தரை இழக்கும் வெப்பத்தைவிட வாங்கும் வெப்பம் அதிகமாக இருப்பதால், காற்றின் சூடு இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் ஏறிக்கொண்டே போகும். 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் பதிவான 42.6 டிகிரி மாலை 4.30 மணியை ஒட்டி வந்தது. அதற்கு முந்தைய சாதனை 1947இல் பதிவான 40.4 டிகிரி.

அந்த 42.6 டிகிரி அளக்கப்பட்டது நகரின் தெற்கு ஓரத்தில் உள்ள மோன்சூரி பூங்காவில். புல்தரைக்கு மேல், வெயில் படாத வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி அது. தெருவில் நடப்பவருக்கு மேலிருந்து வெயில், காலடியில் தார், பக்கத்தில் நாள் முழுக்கக் காய்ந்த சுண்ணாம்புக்கல் சுவர் என்று எல்லாப் பக்கமும் கதிர் அடிக்கும். செல்போன் காட்டும் எண் காற்றின் சூடு மட்டும்தான். உடம்பு வாங்குவது அதைவிட அதிகம்.

சரி, இரவில் ஆறிவிடாதா? கிராமத்தில் ஆறிவிடும். சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். திறந்த வயலில் அது நேராக வானத்துக்குப் போய்விடும். இருபுறமும் ஆறேழு மாடி உயர்ந்து நிற்கும் குறுகலான தெருவில், ஒரு சுவர் விடும் கதிரை எதிர்ச் சுவர் வாங்கி மறுபடி திருப்பி அனுப்புகிறது. மேலே தெரியும் வானமோ ஒரு கீற்றுதான். சாதாரண இரவுகளில் நகரின் நடுப்பகுதி சுற்றுப்புறத்தைவிடச் சராசரியாக 2 முதல் 3 டிகிரி சூடாக இருக்கும். வெப்ப அலை வீசும் இரவுகளில் இந்த இடைவெளி 8 டிகிரியைத் தாண்டியதும் உண்டு.

இதில் மிகவும் அடிபடுவது கூரைக்கு நேர் கீழே குடியிருப்பவர்கள். பாரிஸின் படங்களில் எல்லாரும் ரசிக்கும் சாம்பல்நிறக் கூரைகள் துத்தநாகத் தகடுகள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நகர நிர்வாகியாக இருந்த ஓஸ்மான் பாரிஸை இடித்துக் கட்டியபோது பெரிய அளவில் பரவியவை. ஓடுகளைவிட எடை குறைவு. சரிவு அதிகம் இல்லாமலும் பொருத்தலாம். அதனால் கூரைக்கடியில் வேலைக்காரப் பெண்களுக்கென்று சின்னச் சின்ன அறைகள் கட்ட இடம் கிடைத்தது. இன்று அவற்றில் மாணவர்களும் குறைந்த வருமானக்காரர்களும் இருக்கிறார்கள். தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. வெயிலில் அது 60 டிகிரியைத் தாண்டும். கீழே மெல்லிய பலகை, அதற்கும் கீழே கட்டில். கல் சுவர் வெப்பத்தை உள்ளே கடத்தப் பல மணி நேரம் எடுக்கும். தகடு சில நிமிடங்களில் கொதித்துவிடும்.

2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் பிரான்சில் வழக்கத்தைவிடச் சுமார் 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். கூரைக்கு நேர் கீழே படுக்கையறை இருந்ததும் ஆபத்தைக் கூட்டியது என்று பிறகு நடந்த ஆய்வு காட்டியது. 2024இல் பாரிஸின் துத்தநாகக் கூரைக் கைவினையை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கைத்திறன் மதிக்கப்பட வேண்டியதுதான். ஆனால் தகட்டுக்கடியில் கனமான வெப்பத்தடுப்பு வைப்பதை அழகின் பெயரால் தள்ளிப்போடக் கூடாது. உயிர்தான் முதலில்.

இதே நகரம் நிலத்துக்கடியில் செய்திருக்கும் ஒரு வேலை வியக்க வைக்கிறது. சாதாரண ஏசி அறையின் சூட்டை எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. ஆயிரம் ஏசி ஓடினால் தெரு இன்னும் காயும். 1991இல் தொடங்கிய குளிர்நீர் வலையமைப்பில் கதை வேறு. பெரிய குளிர்விப்பு நிலையங்களில் தண்ணீரைச் சுமார் 5 டிகிரிக்குக் குளிர்வித்து, பூமிக்கடியில் குழாய் வழியாகக் கட்டடங்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கே சூட்டை வாங்கிக்கொண்டு அது திரும்பி வருகிறது. அந்தச் சூட்டைச் சில நிலையங்கள் சென் ஆற்றுத் தண்ணீரில் விடுகின்றன, தெருக் காற்றில் அல்ல. குளிர்காலத்தில் ஆறே போதுமான அளவு குளிர்ந்திருப்பதால் இயந்திரங்களுக்கு வேலை குறைவு. லூவ்ர் அருங்காட்சியகமும் இந்தக் குழாயில்தான் குளிர்கிறது. 2042க்குள் வலையமைப்பை 250 கிலோமீட்டர் அளவுக்கு நீட்டுவது திட்டம். ஆற்றுக்கும் ஒரு தாங்குதிறன் உண்டு என்பதால், திருப்பிவிடும் நீரின் சூட்டுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள்.

ஆக, ஒரு நாளை இப்படிப் பிரித்துக்கொள்வது நல்லது. நடையெல்லாம் காலை பத்து, பதினொன்றுக்குள். நோத்ர் தாம் போன்ற தடித்த கல் கட்டடங்கள் முந்தைய இரவின் குளிர்ச்சியை அப்போதும் வைத்திருக்கும். இரண்டு மணியிலிருந்து ஆறு வரை லூவ்ருக்குள். அதன் பிறகு லுக்சம்பூர் தோட்டத்தின் மரங்களுக்கடியில் உட்காரலாம். அங்கே கிடைப்பது நிழல் மட்டுமல்ல. ஒரு லிட்டர் தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் அதை ஆவியாக்கத் தேவை. மரம் இலை வழியாக நீரை ஆவியாக்கும்போது அவ்வளவு சூட்டையும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஜூன் கடைசியில் சூரியன் மறையவே இரவு பத்தாகும், அதனால் அவசரம் இல்லை. வழியில் தெரியும் பச்சை வார்ப்பிரும்புக் குடிநீர் ஊற்றுகளில் தயங்காமல் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். 1872இல் ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயர் தன் செலவில் வைக்கத் தொடங்கியவை. இன்றும் நல்ல தண்ணீர் தருகின்றன.

நீந்தத் தெரிந்தவர்கள் குளிக்கும் உடையையும் எடுத்துப் போகலாம். 1923இல் தடை செய்யப்பட்ட சென் ஆற்றுக் குளியல் 2025 ஜூலையில் மூன்று இடங்களில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. முந்தைய நாள் பெருமழை பெய்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய பாரிஸில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. குழாய் நிரம்பினால் மிச்சம் ஆற்றுக்குத்தான் போகும். அதைத் தேக்கிவைக்க 2024இல் ஓஸ்தெர்லிட்ஸ் ரயில் நிலையம் அருகே சுமார் 50,000 கன மீட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டியைக் கட்டி முடித்தார்கள். இருந்தாலும் பலத்த இடிமழைக்குப் பிறகு தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, சரியில்லை என்றால் அன்று குளியலை மூடிவிடுகிறார்கள்.