குருந்தக்கல்: எமரித்தாளுக்குள் ஒரு தமிழ்ச்சொல்

புதுச்சேரியில் பழைய கதவு, தூண், பூசை மாடம் புதுப்பிக்கும் பட்டறை எதற்குள் போனாலும் எமரி, சேண்ட்பேப்பர், கார்போரண்டம், டிரெமல், பிட் என்று தேய்க்கும் பொருள், கருவிப் பெயர்களிலேயே பேச்சு ஓடும். எல்லாம் வெளியிலிருந்து வந்த சொற்கள் என்றுதான் நினைப்போம். ஆனால் கார்போரண்டத்தின் பின்பாதி நம்முடையது. அது குருந்தம்.

குருந்தம் அல்லது குருந்தக்கல் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் வைரத்துக்கு 10, இதற்கு 9. குரோமியம் சிறிது கலந்து சிவந்தால் அதுவே மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்து நீலமானால் நீலக்கல். ஒளியும் நிறமும் இல்லாத கட்டியை அரைத்துப் பொடியாக்கித் தேய்க்கப் பயன்படுத்தினார்கள். அந்தப் பொடியை அரக்கோடு சேர்த்து உருட்டிச் சாணைச் சக்கரம் செய்வது இந்நாட்டு மணித்தொழிலாளரின் பழைய வழக்கம். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிப் பாறைகளில் இன்றும் இந்தக் கல்லைப் பார்க்கலாம்.

குருந்தத்துக்கு உறவான இன்னொரு சொல் குருவிந்தம். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைகளைச் சொல்லும்போது மாணிக்க வகைகளுள் 'விந்தம்' என்று ஒன்றைக் குறிக்கிறது. உரைகாரர் அதைக் குருவிந்தம் என்பர். மாணிக்கத்தையும் சாணைப்பொடியையும் ஒரே குடும்பமாக இன்றைய கனிமவியல் வைக்கிறது. அந்த உறவு இந்தச் சொல்லிலும் இருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

18ஆம் நூற்றாண்டில் இந்தக் கல் இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஆய்வாளர்களிடம் போனபோது பெயரும் கூடவே போனது. ஆங்கிலத்தில் கொரண்டம், பிரெஞ்சில் கொரேந்தோன். பிறகு 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் காய்ச்சியபோது மின்னும் படிகங்கள் கிடைத்தன. கார்பனும் குருந்தமும் சேர்ந்த பொருள் என்று எண்ணி அதற்குக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு, அதில் குருந்தம் துளியும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

எமரியின் கதை வேறு. அது கிரேக்கத்தில் தொடங்கிப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். ஆனால் எமரிக்கல் என்பதே குருந்தமும் காந்த இரும்புத்தாதுவும் இயற்கையாகக் கலந்த பாறை. ஆக, பெயர் வெளியூர், சரக்கு குருந்தம்.

சேண்ட்பேப்பரை 'மணல்தாள்' என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். அதில் மணலே கிடையாது. முன்பு கண்ணாடித் தூளை ஒட்டினார்கள், அதனால் பிரெஞ்சுக்காரர் அதைக் கண்ணாடித்தாள் என்றே சொல்கிறார்கள். இன்று ஒட்டுவது பெரும்பாலும் செயற்கைக் குருந்தமோ சிலிக்கன் கார்பைடோதான். நம் தச்சர்கள் சொல்லும் 'உப்புத்தாள்' எவ்வளவோ மேல். மரக்காணம் உப்பளத்தைப் பார்த்தவர்கள் அந்தத் தாளை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் பொருத்தம் தானாக விளங்கும். தாளுக்கு உப்புத்தாள், அதன்மேல் ஒட்டிய பரலுக்குக் குருந்தம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

எது எதனால் ஆனது என்று இப்படிப் பிரித்துச் சொல்வது வேலையிலும் உதவும். டிரெமல் என்பது ஒரு கம்பெனிப் பெயர். எந்தக் கம்பெனிச் சிறு சுழல்கருவியையும் நாம் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அதில் மாட்டும் முனைகளை எல்லாம் 'பிட்' என்று ஒரே சொல்லில் அடைப்பதால்தான் சிற்பம் கெடுகிறது. பல் வைத்த உலோக முனை வெட்டும். அது அரம்தான், சுழல்கிறது, அவ்வளவே. வள்ளுவர் 'அரம்போலும் கூர்மைய' என்ற அதே அரம். சுழலரம் என்று சொன்னால் தச்சருக்கு உடனே புரியும். இளஞ்சிவப்பு, காவி நிறக் கல்முனைகள் குருந்தம், பச்சைக் கல் சிலிக்கன் கார்பைடு. இவை இரும்புக்கும் கல்லுக்கும் உரியவை. மரத்தில் வைத்தால் பொடியும் பிசினும் ஏறி அடைத்துக்கொண்டு, தேய்க்காமல் சூடேற்றும். மரம் கருகும்.

பண்ருட்டிப் பலாமரத்தில் செதுக்கிய மயில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உளி போன தடத்தில், தோகைக் கண்களின் உட்குழியில், நார்ப் பிசிறு நிற்கும். விரல் அங்கே நுழையாது. நுனியில் பிளவுள்ள கம்பியை மாட்டி, உப்புத்தாளைப் பட்டையாக வெட்டிப் பிளவில் செருகிச் சுற்ற வேண்டும். தாளின் தளர்ந்த ஓரம் சுழற்சிக்குப் பின்னால் வர வேண்டும். முன்னால் வந்தால் மரத்தில் மாட்டிக் கிழியும். கருவி நிமிடத்துக்கு 35,000 சுற்று போகும் என்பதற்காக அப்படி விடக்கூடாது, 5,000 முதல் 10,000 வரை போதும். தொட்டும் தொடாமலும் போக வேண்டும். அழுத்தினால் இறகின் விளிம்பு உருண்டு, மயில் மெழுகில் வார்த்ததுபோல் ஆகிவிடும். கண், அலகு, இறகு விளிம்பு மூன்றையும் கையால் முடிப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து.

உப்புத்தாளின் நம்பர் 120இல் தொடங்கி 180, 240 என்று ஏற வேண்டும். சல்லடையில் ஓர் அங்குல நீளத்துக்கு எத்தனை கண் என்பதிலிருந்து வந்த எண் இது. கண் கூடக்கூடப் பரல் பொடியாகும். 180 முடிந்ததும் ஈரத்துணியால் லேசாகத் துடைத்துக் காயவிட்டால் படுத்திருந்த நார் எழும்பும். அதை 240 வாங்கிவிடும். பலாத்தூள் மஞ்சளாக மூக்குவரை ஏறும். மரத்தூள் புற்றுநோய் தரக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருப்பதால் முகக்கவசம் கட்டாயம்.

குருந்தம் என்றதும் மரம் நினைவுக்கு வருவோரும் உண்டு. திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் உபதேசம் பெற்றது குருந்த மரத்தடியில். அது காட்டு எலுமிச்சை இனம், இந்தக் கல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. குழப்பம் வரும் இடத்தில் குருந்தக்கல் என்று முழுதாகச் சொல்லுங்கள். கடையில் 'நூற்றிருபதாம் நம்பர் உப்புத்தாள், குருந்தப் பரல் ஒட்டினது' என்று கேளுங்கள். முதல் தடவை கடைக்காரர் திரும்பிக் கேட்டால் தாளின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதைக் காட்டி, அலுமினியம் ஆக்சைடு என்று போட்டிருப்பது இதுதான் என்று சொல்லுங்கள்.