நாற்பத்து மூன்று வேலை, நான்கு நாற்காலி

"வேலைகளை எழுதி வைத்தால் மனசு லேசாகும் என்றார்கள். எழுதினேன். 43 வந்தது. எழுதாமலே இருந்திருக்கலாம் போல! என் மூளையில் ஏதும் கோளாறா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

மூளை சரியாகத்தான் இருக்கிறது. எழுதிய விதத்தில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

முதலில் தெரிந்த விஷயத்தைச் சொல்லிவிடுவோம். ஒரு நேரத்தில் மனதில் பிடித்து வைக்கக்கூடியவை மிகக் கொஞ்சம். 1956-இல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் ஏழு என்றார். 2001-இல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் அதை நான்காகக் குறைத்தார். (ஏழு என்றால் ஏனோ எல்லோருக்கும் ஒரு மயக்கம். இன்றும் பலர் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.) 43 பேர் வந்து நிற்கிற இடத்தில் நான்கே நாற்காலி என்றால் தள்ளுமுள்ளு வரத்தானே செய்யும்?

ஆனால் பட்டியல்தான் காகிதத்துக்குப் போய்விட்டதே, பிறகும் ஏன் நச்சரிக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1920-களின் பெர்லினில் கர்ட் லெவின் என்ற உளவியலாளரைச் சுற்றி ஓர் இளைஞர் கூட்டம் இருந்தது. ஓட்டலில் பணம் கட்டாத மேசையின் கணக்கைச் சர்வர் மனப்பாடமாகச் சொல்வார், கட்டி முடித்ததும் மறந்துவிடுவார் என்ற பேச்சு அங்கே அடிபட்டதாக ஒரு கதை உண்டு. அந்தக் கூட்டத்தில் இருந்த புளூமா ஸைகார்னிக் இதைச் சோதித்தார். ஆட்களுக்குச் சின்னச் சின்ன வேலைகள் கொடுத்து, பாதியை நடுவிலேயே பிடுங்கிக்கொண்டார். முடிந்த வேலைகளைவிட அறுபட்ட வேலைகளே ஏறக்குறைய இரண்டு மடங்கு நினைவில் நின்றதாக 1927-இல் எழுதினார். பாடப்புத்தகங்கள் இதைக் கொண்டாடின. பின்னால் வந்தவர்கள் செய்து பார்த்தபோதோ அதே முடிவு சில சமயம் வந்தது, சில சமயம் வரவில்லை. அதே குழுவில் இருந்த மரியா ஓவ்சியாங்கினா 1928-இல் வேறொன்றைக் காட்டியிருந்தார்: யாரும் சொல்லாமலேயே, விட்ட வேலையைத் திரும்ப எடுக்கக் கை போகிறது. காலத்தைத் தாண்டி நின்றது இதுதான், புகழ் என்னவோ ஸைகார்னிக்குக்கு. பழைய சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கிறேன் என்றால் பணம் கொடுக்க ஆள் கிடைப்பது அரிது. புதிது என்ற சொல்லுக்குத்தான் பெரும்பாலும் நிதி கிடைக்கிறது. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

சரி, பாதியில் நிற்கும் வேலை இழுக்கிறது. முடித்தால்தான் இழுப்பு நிற்குமா? மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் வருகிறது. பாக்கி வேலைகளை நினைவுபடுத்திவிட்டு, ஒரு நாவலின் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். எதிர்பார்த்தபடியே மனம் அலைபாய்ந்தது. இன்னொரு குழுவிடம், அந்த வேலைகளை எப்படி முடிக்கப் போகிறீர்கள் என்றும் எழுதச் சொன்னார்கள். எழுதியதோடு சரி, ஒரு வேலையையும் யாரும் தொடவில்லை. அப்படியும் அவர்கள் கவனமாகப் படித்தார்கள்!

இதை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நச்சரிக்கும் அந்த உள்மனசு கேட்பது "முடித்தாயா?" என்று அல்ல, "எப்போது, எங்கே?" என்று. பதில் கிடைத்தால் போதும், போய்ப் படுத்துக்கொள்கிறது. காரணத்தைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகளிலிருந்து ஊகிக்கலாம். "இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்று முடிச்சுப் போட்டுவிட்டால், ஞாபகப்படுத்தும் பொறுப்பு அந்தச் சூழலுக்குக் கைமாறுகிறது. நாம் காவல் நிற்க வேண்டியதில்லை.

வாசகரின் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். "பல் டாக்டர்" என்று ஒரு வரி. அது வேலையே இல்லை, ஒரு பெயர்ச்சொல். "வியாழன் 10 மணி, கம்ப்யூட்டரைத் திறந்ததும், மெயில் பார்க்கும் முன் கிளினிக்குக்கு போன்" என்றால் அது வேலை.

இப்படி விவரமாக எழுதினால் பட்டியல் நீளுமே, அது பயமுறுத்துகிறதே என்றால், 2018-இல் மைக்கேல் ஸ்கல்லின் குழு செய்த ஆய்வைச் சொல்லலாம். 57 இளைஞர்களில் ஒரு பாதி தூங்கப்போகும் முன் 5 நிமிடம் இனி செய்ய வேண்டியவற்றை எழுதியது, மறு பாதி செய்து முடித்தவற்றை எழுதியது. முன்னவர்கள் சராசரியாகச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். அதிலும் விவரமாக எழுதியவர்களே சீக்கிரம் தூங்கினார்கள். சிறிய ஆய்வுதான், இதை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. நேரம் குறிக்கும்போது நாம் எல்லோருமே பொய்யர்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள். ஆனது 55. ஒரு மணி நேரம் என்று தோன்றினால் ஒன்றரை என்று போடுங்கள்.

43-க்கும் நேரம் குறிக்க வேண்டுமா? தேவையில்லை. படுத்ததும் நினைவுக்கு வருகிற மூன்று நான்குக்குப் போதும். மீதியின் தலையில் "ஞாயிறு மாலை பார்க்க" என்று ஒரே ஒரு வரி. அந்த ஞாயிறு பார்த்தும் விடுங்கள். இரண்டு தடவை ஏமாற்றினால் உள்மனசு அடுத்த முறை நம்பாது. இது ஆய்வு சொன்னதல்ல, என் சொந்த அனுபவம்.