சர்ஃபிங்: அலைச்சறுக்கா, கடல்சறுக்கா?

ஜனவரி மாதத்துச் சிகாகோவில் ஒருவர் தண்ணீரிலிருந்து கரையேறும் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். புருவத்திலும் தாடியிலும் பனிக்கட்டி தொங்குகிறது, அக்குளில் இடுக்கிய பலகை, விரல் மடங்காததால் கையுறையைக் கழற்ற முடியவில்லை, கேனில் கொண்டுவந்திருந்த வெந்நீரைக் கையுறைக்குள்ளேயே ஊற்றிக்கொள்கிறார். எட்டிப் பார்த்த நண்பர், "இந்தக் குளிர்லயா கடல்சறுக்கு?" என்றார். குளிர் இருக்கட்டும், அங்கே கடலே கிடையாதே! அது மிச்சிகன் ஏரி. அப்படியென்றால் பலகையில் நின்று அலைமேல் போகிற இந்தச் சர்ஃபிங் விளையாட்டைத் தமிழில் என்னவென்று சொல்வது?

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். சர்ஃப் என்பது ஆரம்பத்தில் விளையாட்டின் பெயரே இல்லை, கரையில் வந்து உடைகிற அலைக்கும் அதன் நுரைக்கும் பெயர். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த வடிவம் எழுத்தில் வருகிறது, அதற்கும் நூறு வருடம் முன்னால் 'சஃப்' என்று எழுதியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பழைய பயன்பாடுகள் இந்தியக் கரையைப் பற்றியவை. அதனால் நம் பக்கத்து மொழி ஏதோ ஒன்றிலிருந்து போயிருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் ஊகிக்கிறார்கள். ஊகம்தான். உடனே 'தமிழேதான்' என்று கிளம்பிவிட வேண்டாம், கட்டுமரம் 'கேட்டமரன்' ஆனதற்கு இருக்கிற சான்று இதற்கு இல்லை. ஆனால் சோழமண்டலக் கரையின் அலை ஆங்கிலேயர்களைப் பாடாய்ப் படுத்தியது உண்மை. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல் தள்ளியே நிற்கும், ஆளும் சரக்கும் மசூலா படகில் அந்த அலையைக் கடந்து கரைக்கு வரவேண்டும். அந்தப் படகின் பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள், ஆணி அடித்த படகு விறைத்து நின்று உடைந்துபோகிற இடத்தில் இது வளைந்து கொடுக்கும்.

விளையாட்டு வந்தது ஹவாயிலிருந்து. அங்கே அதன் பெயர் 'ஹே எ நலு'. நலு என்றால் அலை, ஹே எ என்றால் சறுக்குவது, வழுக்கிப் போவது. அதாவது அலைச்சறுக்கு! ஆங்கிலம் அலையை மட்டும் எடுத்துக்கொண்டு அதையே வினையாக்கிவிட்டது. நாமோ ஹவாய்க்காரர்களைக் கேட்காமலேயே அவர்கள் வைத்த பெயரையே வைத்திருக்கிறோம். 'சறுக்கு என்றால் தோல்வி, யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அதைப் போய் ஒரு விளையாட்டுக்கு வைப்பதா' என்று கேட்கிறவர்கள் உண்டு. ஹவாய்ச் சொல்லுக்கும் போரில் தோற்று ஓடுவது என்று இன்னொரு பொருள் இருக்கிறது. அவர்கள் அதற்காகப் பெயரை மாற்றவில்லை.

சரி, ஏரிக்கு வருவோம். மிச்சிகன் என்ற பெயரே வட அமெரிக்கப் பழங்குடிகளான ஒஜிப்வே மக்களின் மொழியில் பெருநீர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஏறத்தாழ 490 கிலோமீட்டர் நீளம், சென்னையிலிருந்து மதுரையைத் தாண்டிவிடும். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. தொலைவிலிருந்து உருண்டு வரும் கடல் அலை இங்கே இல்லை, கடலைப் போல நாள்தோறும் நீர்மட்டம் ஏறி இறங்குவதும் இல்லை என்றே சொல்லலாம், எல்லாம் காற்றின் வேலை. நீர்ப்பரப்பின் மேல் காற்று தடையில்லாமல் ஓடுகிற தூரத்தை ஆங்கிலத்தில் 'ஃபெட்ச்' என்கிறார்கள், நான் காற்றுவீச்சு என்று சொல்வேன். சிகாகோ ஏரியின் தென்மேற்கு மூலையில் இருப்பதால், வடக்குக் காற்று அடித்தால் ஏரியின் நீளம் முழுக்க வீச்சு கிடைக்கிறது. அந்தக் காற்று பலமாக வருவது இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும். அதனால்தான் ஊரே ஸ்வெட்டருக்குள் ஒளிந்துகொள்ளும்போது இவர்கள் தலையையும் மூடுகிற தடிமனான ரப்பர் உடையான வெட்சூட்டை மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். அலைகள் நெருக்கமாக ஐந்தாறு நொடிக்கு ஒன்றாக வந்து மோதும், கடலில் போல மூச்சு வாங்க நேரம் இருக்காது. உப்பும் இல்லை. கடல்நீரைவிட நன்னீர் இரண்டரை சதவீதம் அடர்த்தி குறைவு என்பதால் 80 கிலோ ஆளுக்குப் பலகையில் இரண்டு லிட்டராவது கூடுதல் பருமன் வேண்டும். சிகாகோவில் இதற்குத் தடையே இருந்தது, 2009-இல்தான் சில கரைகளில் விட்டார்கள். ஆனால் ஏரிக்கும் இந்த விளையாட்டுக்கும் உறவு புதிதில்லை. 1935-இல் பலகையின் அடியில் மீனுக்கு இருப்பது போன்ற துடுப்பு பொருத்திப் பார்த்த டாம் பிளேக், இதே ஏரியின் கரையிலுள்ள மில்வாக்கியில் பிறந்தவர்.

ஆக, 'கடல்சறுக்கு', 'கடலலைச் சறுக்கு' இரண்டும் சிகாகோவில் தோற்றுவிட்டன. 'நீர்ச்சறுக்கு' என்றால் படகு இழுத்துப்போகிற விளையாட்டும் தீம் பார்க்கில் குழந்தைகள் வழுக்கிக்கொண்டு இறங்குவதும் நினைவுக்கு வரும். பழந்தமிழ் வேண்டுமென்று 'திரைச்சறுக்கு' என்றால், திரைகடல் ஓடிய காலத்தில் சரி, இன்றைக்கு அது ராத்திரி ஒரு மணிக்குப் படுக்கையில் நாம் விரலால் செய்கிற காரியத்துக்குத்தான் பொருந்தும். (இணையத்தில் சர்ஃப் செய்வதற்கு உலாவுதல் என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதை இதோடு குழப்ப வேண்டாம்.)

மிஞ்சுவது அலைச்சறுக்கு. கடலானாலும் ஏரியானாலும், ஆற்றில் ஒரே இடத்தில் நிற்கும் அலையானாலும் அது பொருந்தும். 2025-இல் மாமல்லபுரத்தில் ஆசியப் போட்டி நடந்தபோது செய்திகளிலும் இந்தச் சொல்தான் ஓடியது. ஒரே ஒரு வேண்டுகோள், 'ச்' போடுங்கள். பனிச்சறுக்கு மாதிரி, அலையில் சறுக்குவது அலைச்சறுக்கு. ஒற்று இல்லாமல் 'அலைசறுக்கு' என்று எழுதினால் அலைகடல் மாதிரி வினைத்தொகையாகி, ஊர் ஊராக அலைகிற சறுக்கு என்று பொருள் வந்துவிடும். நல்ல காற்று எந்தக் கரையில் அடிக்கிறது என்று பார்த்துக் காரில் பலகையோடு ஏரியைச் சுற்றிக்கொண்டிருக்கிற சிகாகோ ஆட்களுக்கு வேண்டுமானால் அப்படி எழுதலாம்.

பலகைக்குச் சறுக்குபலகை போதும். அங்கே ஒற்று வேண்டாம், அது வினைத்தொகையேதான்.