பூங்காவை ஒட்டி வீடு கட்டுகிறீர்களா? முதலில் அந்த மதிலைக் குறையுங்கள்

மறுபடியும் அதே வரைபடம். பூங்காவை ஒட்டிய மனையில் புதிய குடியிருப்பு. பூங்கா பக்கம் முழுக்க எட்டடி மதில். மதிலுக்கு வெளியே, பூங்கா வாசலின் இரண்டு பக்கமும் வரிசையாக பார்க்கிங். குடியிருப்பு லே-அவுட்களைச் சரிபார்ப்பது என் வேலை. இதே தப்பைச் சிவப்புப் பேனாவால் சுழித்துச் சுழித்துக் கை ஓய்ந்துவிட்டது. விளம்பரத்தில் மட்டும் 'பூங்காவைப் பார்த்த வீடுகள்' என்று போடுகிறார்கள். எட்டடிச் சுவருக்குப் பின்னால் தரைத்தளத்தில் இருப்பவர் எந்தப் பூங்காவைப் பார்ப்பார்?

"சுவர் உயரமாக இருந்தால்தான் சார் பாதுகாப்பு." இதைக் கேட்காத மீட்டிங்கே இல்லை. கொஞ்சம் யோசியுங்கள். ஏறிக் குதிக்க நினைப்பவனுக்கு, சுவரோரம் நீங்களே நிறுத்தி வைத்திருக்கும் கார் போதும், படிக்கட்டு மாதிரி. உள்ளே இறங்கிவிட்டான் என்றால் அதே சுவர்தான் அவனை வெளியில் நடப்பவர்கள் கண்ணில் படாமல் மறைக்கிறது. பூங்கா பக்கம் என்ன ஆகிறது? சுவரோரப் பாதையை எந்த ஜன்னலும் பார்ப்பதில்லை. பொழுது சாய்ந்ததும் அந்தப் பக்கம் நடக்க வருகிறவர்கள் பயந்துகொண்டு குறைகிறார்கள். ஆள் நடமாட்டம் குறைந்த இடத்துக்கு யார் வந்து உட்காருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அப்புறம் சங்கத்தில் தீர்மானம் போடுகிறார்கள்: சுவரை இன்னும் இரண்டடி உயர்த்து, மேலே கண்ணாடிச் சில்லு பதி. பந்தை எடுக்க ஏறும் பிள்ளையின் உள்ளங்கைதான் அதில் கிழியப்போகிறது.

"கம்பி வேலி போட்டால் எல்லாரும் வீட்டுக்குள் பார்ப்பார்களே?" நியாயமான கேள்வி. தரைத்தளத்தை இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள், வேலியின் உள்பக்கம் இடுப்பளவுக்குச் செடி வையுங்கள். நாலு நாலரை அடி வேலி போதும். நீங்கள் வெளியே பார்க்கலாம்; வெளியில் இருப்பவருக்குச் சோபாவில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

கம்பிகளை நெருக்கமாக வைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்வதுதான் இதில் ஆபத்து. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டுத் திடல் வழிகாட்டி, 3.5 அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்ட இடைவெளியைத் தலை மாட்டும் அளவு என்கிறது. என்னிடம் வரும் வரைபடங்களில் பாதிக்கு மேல் 5 அங்குலம், 6 அங்குலம். குறுக்குக் கம்பி வரிசையாக வேண்டாம், அது ஏணி. ஈட்டி முனை வேண்டவே வேண்டாம்.

பார்க்கிங்குக்கு வருவோம். நாலு வயதுப் பிள்ளை சுமார் ஒரு மீட்டர் உயரம். நிறுத்தியிருக்கும் இரண்டு பெரிய கார்களுக்கு நடுவில் அது நின்றால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது, அதற்கும் வருகிற வண்டி தெரியாது. பிரிட்டனின் சாலை விதிகள் தரும் கணக்குப்படி, மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்க 23 மீட்டர் வேண்டும், 32 கி.மீ. என்றால் 12 மீட்டர். ஆனால் பிள்ளை கார் இடுக்கிலிருந்து வெளிப்படுவது வண்டிக்கு மூன்று நான்கு மீட்டர் முன்னால்! பூங்கா வாசலின் இருபுறமும் குறைந்தது ஆறு மீட்டர் காலியாக விடுங்கள். 'நிறுத்தக்கூடாது' போர்டு உதவாது, அதன் காலடியிலேயே நிறுத்துவார்கள். குட்டைத் தூண் நடுங்கள். நடுவில் 1.2 மீட்டர் இடம் விட்டால் கார் நுழையாது, சக்கர நாற்காலி தாராளமாகப் போகும்.

இந்த வண்டிகள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் உங்கள் விருந்தாளிகளுடையவை. வீட்டுக்கு ஒரு இடம் ஒதுக்கிவிட்டு விசிட்டர் பார்க்கிங்கை வரைபடத்தின் மூலையில் பெயருக்கு வரைகிறார்கள். கட்டி முடிக்கும்போது அங்கே ஜெனரேட்டர் உட்கார்ந்திருக்கும். விசிட்டர் பார்க்கிங் பூங்காவுக்கு எதிர்ப்பக்கம், மெயின் கேட்டை ஒட்டி இருக்கட்டும்.

"மர நிழலில்தானே நிறுத்துகிறேன், யாருக்கு நஷ்டம்?" மரத்துக்கு. தண்ணீரும் காற்றும் உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான், இரண்டடி ஆழத்துக்குள். வண்டி ஏறி ஏறி மண் இறுகினால் மரம் உடனே சாகாது. சில வருஷம் கழித்து உச்சியிலிருந்து காயும், அப்போது பூச்சி மேல் பழி போடுவீர்கள். வேலிக்கும் இதே கதைதான்: நீளமாக அஸ்திவாரம் தோண்டி வேரை அறுக்காமல், தனித்தனிக் குழியில் தூண் நடுங்கள்.

வீடு வாங்கப் போகிறவர்களே, தயவுசெய்து மாடல் ஃபிளாட்டின் டைல்ஸைத் தடவிப் பார்ப்பதோடு நிற்காமல் சைட் பிளானையும் கேட்டு வாங்குங்கள். எல்லைக்கோடு எங்கே, வேலி அதற்கு எந்தப் பக்கம், வருகிறவர் வண்டிக்கு எங்கே இடம் என்று எழுத்தில் கேளுங்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு எனக்குப் போன் செய்தால் நான் ஆறுதல்தான் சொல்ல முடியும்.