கிளையில் இறங்கும் வேர்

ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு செங்கொய்யா நிற்கிறது. அதன் விதையை ஊன்றி வளர்த்த கன்று ஐந்து வருடம் கழித்துக் காய்த்தபோது, பழத்தின் உள்ளே வெள்ளை! ருசியும் வேறு. விதையில் பண்புகள் கலைந்து புதிதாகச் சேர்கின்றன. தாய்மரம் அப்படியே திரும்பி வருவதில்லை. அதே மரம் வேண்டுமென்றால் கிளையைத்தான் கேட்க வேண்டும். கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர்விட வைக்கும் அந்த வேலைக்குப் பெயர் விண்பதியம்.

பென்சில் கனமுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை மட்டும் வளையமாக உரித்து எடுக்கிறோம். பட்டை போனால் கிளை வாடாதா என்று பலரும் கேட்பார்கள். வாடாது. வேரிலிருந்து தண்ணீர் ஏறும் சைலம் உள்ளே கட்டையில் இருக்கிறது, அதை நாம் தொடவில்லை. இலை சமைத்த சர்க்கரை கீழே இறங்கும் புளோயம்தான் பட்டையில் இருக்கிறது. வாய்க்காலை மறித்தால் மேல்பக்கம் தண்ணீர் தேங்குமே, அதுபோலச் சர்க்கரை வெட்டின் மேல் விளிம்பில் தேங்குகிறது. வளையத்துக்கு மேலே இப்படி வீங்குவதை இத்தாலிய மருத்துவர் மால்பிகி 17ஆம் நூற்றாண்டிலேயே கவனித்தார்.

சர்க்கரை மட்டுமல்ல, கிளை நுனியிலும் இளம் இலைகளிலும் சுரந்து கீழே இறங்கும் ஆக்சின் என்ற ஹார்மோனும் அங்கேயே நின்றுவிடுகிறது. காயம்பட்ட இடத்துச் செல்கள் பெருகித் திரள்கின்றன. ஆக்சின் கூடிய இடத்தில், புளோயத்தை ஒட்டிய சில செல்கள் தங்கள் பழைய வேலையை விட்டுவிட்டு வேர் முனைகளாக மாறுகின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். கிளையாக இருந்த செல்லுக்குள் வேர் ஆகும் குறிப்பும் அழியாமல் இருந்திருக்கிறது! வேர் வரவைக்கக் கடையில் விற்கும் பொடியிலும் ஆக்சின் வகையைச் சேர்ந்த இண்டோல் பியூட்டிரிக் அமிலம்தான் பெரும்பாலும் இருக்கும்.

முதல் தடவை எனக்கு வேர் வரவில்லை. பட்டையை உரித்தேன், கட்டைமேல் இருந்த வழவழப்பை விட்டுவிட்டேன். அந்த வழவழப்பில்தான் கேம்பியம் இருக்கிறது. அது புதுப் பட்டையை வளர்த்து வெட்டை மூடிவிட்டது. அடைத்த வாய்க்கால் திறந்துகொண்டது, அவ்வளவுதான். கத்தி முதுகால் நன்றாகச் சுரண்டிவிட வேண்டும்.

அப்புறம், நனைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் என்ற பாசிவகையையோ தேங்காய் நார்க்கழிவையோ வெட்டைச் சுற்றி வைத்து, பாலித்தீன் தாளால் இறுக்கி, இரு முனையையும் கட்டிவிடலாம். இருட்டும் ஈரமும் வேருக்கு வேண்டும், காற்றும் வேண்டும். பிழியாமல் சொதசொதவென்று வைத்தால் மூச்சுமுட்டி அழுகிவிடும். மதுரைப் பக்கம் பெரிய மழை ஐப்பசியில்தான். புரட்டாசியில் கட்டினால், ஒன்றிரண்டு மாதத்தில் தாளுக்குள் வெள்ளை வேர் தெரியும்.

வேர் பழுப்பேறியதும் கட்டுக்குக் கீழே வெட்டிப் பையில் நட்டு, பாதி இலையைக் கிள்ளி நிழலில் வையுங்கள். சின்ன வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. காய்த்துப் பழகிய மரத்தின் கிளை என்பதால் இரண்டு, மூன்று வருடத்தில் காய்க்கும். ஆனால் ஆணிவேர் கிடையாது. ஆடிக் காற்று வருமுன் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டிவிடுங்கள்.